“அது கேஸ்ல இருக்கு சார்”

போன மாதம் எங்கள் மாமன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ஊரும் ஒரு மாநகராட்சிதான். பெயர் வேண்டாம், கவுன்சிலராக இருக்கும் தம்பி இந்தப் பதிவைப் படிப்பார்.

அஜெண்டாவில் அறுபதுக்கு மேல் பொருள்கள். முதல் ஒன்றரை மணி நேரம் குடிநீர், நாய்த் தொல்லை, எரியாத தெருவிளக்கு, நடுவில் ஒரு வெளிநடப்பு. அப்புறம் மேயர் இருக்கையிலிருந்து ஒரே வரி: எல்லாப் பொருள்களும் ஏகமனதாக நிறைவேறின. மேசையைத் தட்டினார்கள், டீ குடிக்கப் போனார்கள்.

அந்த அறுபதில் ஒன்று, ஒப்பந்ததாரர் ஒருவர் போட்ட வழக்கில் தோற்று, வட்டியோடு கட்டிய பணத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு, அதாவது செலவான பிறகு வாங்கும் ஒப்புதல். பணம் ஏற்கெனவே போய்விட்டது. ஏன் தோற்றோம், மேல்முறையீடு போனோமா, வட்டி ஏறும்வரை கோப்பு யார் மேசையில் தூங்கியது? ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் இருக்கிறது. ‘இது மாநகராட்சிக்குச் சொந்தமான இடம், அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று போர்டும் இருக்கிறது. அந்தப் போர்டு இப்போது அத்துமீறியவரின் காம்பவுண்டுக்கு உள்ளே நிற்கிறது. அதன் ஒரு காலில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “அது கேஸ்ல இருக்கு சார்.” எந்தக் கோர்ட், என்ன நம்பர்? தெரியாது. கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்த்தேன். பதினான்கு வாய்தா. பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்: மாநகராட்சியின் பதில் மனுவுக்காக. எதிராளிக்கு இடைக்காலத் தடை கையில் இருக்கிறது, அவருக்கு என்ன அவசரம்?

பதில் மனு ஏன் போகவில்லை என்று விசாரித்தால், வக்கீல் சட்டப் பிரிவைக் காட்டுகிறார். சட்டப் பிரிவு நகரமைப்புப் பிரிவிடம் தானப் பத்திர நகல் கேட்டதாம். நகரமைப்புப் பிரிவோ, அந்த மனை போட்டபோது இது பஞ்சாயத்து, இணைந்தபோது அந்தப் பதிவேடு எங்களிடம் வரவில்லை என்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டால் கிடைக்கிற ஒரு நகல்!

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதி வாங்குவதில் காட்டும் கண்டிப்பு, வாங்கியதைக் காப்பாற்றுவதில் இல்லை.

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அந்த ஐந்தரை ஆண்டில் எத்தனை வழக்கு இப்படித் தூங்கியதோ. சரி, அப்போது கேட்க ஆளில்லை. இப்போது?

சென்னை மாநகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு, கல்வி, சுகாதாரம், பணிகள், நகரமைப்பு, வரிவிதிப்பு-நிதி என்று நிலைக்குழுக்கள் உண்டு. சட்டத்துக்கென்று தனிக் குழு கிடையாது. அங்கே 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்தின் முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்களே, 5, 6 மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்த விவகாரத்தில்? அந்தத் தீர்மானமே வழக்காகி உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பொருள் எண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது. மேசையைத் தட்டும்போது அது தெரிவதில்லை.

“நீதிமன்றத்தில் இருப்பதைப் பற்றி மன்றத்தில் பேசக் கூடாது சார்” என்றார் கவுன்சிலர் தம்பி. இது வசதியான சாக்கு. யார் பக்கம் நியாயம் என்று அங்கே தீர்ப்பு எழுத வேண்டாம். நம் மேல் எத்தனை வழக்கு, எதிலெல்லாம் பதில் மனு போகவில்லை, வக்கீல் கட்டணம் எவ்வளவு, எத்தனை நீதிமன்ற அவமதிப்பு மனு? இதைக் கேட்க எந்த நீதிபதியும் தடை போடவில்லை.

பட்ஜெட் அறிவிப்புகளும் இதே கதைதான். ‘அமைக்கப்படும்’, ‘மேம்படுத்தப்படும்’, ‘நடவடிக்கை எடுக்கப்படும்’. அடுத்த மார்ச்சில் அதே நவீன மீன் அங்காடி வேறு வார்த்தையில் திரும்ப வரும். போன ஆண்டு சொன்னதில் எது முடிந்தது, எது டெண்டரில் நிற்கிறது என்று துறைவாரியாக இரண்டு பக்கம் அச்சடித்து வைத்தால் போதும். அந்த இரண்டு பக்கத்தை எந்தக் கவுன்சிலரும் கேட்டு நான் பார்க்கவில்லை. தணிக்கைத் தடைகளின், அதாவது கணக்குத் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணைகளின், பட்டியலையும் யாரும் கேட்பதில்லை. வார்டு நிதி குறைந்தால் மட்டும் கட்சி வித்தியாசமில்லாமல் எழுந்து நிற்கிறார்கள்.

அவர்கள் எல்லோரையும் திட்ட மனம் வரவில்லை. அறுபது பொருளின் கோப்பை முந்தின நாள் சாயங்காலம் கையில் கொடுத்தால் யார்தான் படிப்பது? ஆனால் மாதம் அரை மணி நேரம், வழக்குப் பட்டியலுக்கும் அறிவிப்புகளின் நிலைக்கும் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாமே. 2022-இல் பதவியேற்ற இந்த மன்றங்களின் ஆயுள் 2027 தொடக்கத்தோடு முடிகிறது.

இதையெல்லாம் சொன்னதும், “கேள்வியா எழுதிக் குடுங்க சார், கேட்டுடறேன்” என்றார் தம்பி. அஜெண்டா தாளின் பின்பக்கத்திலேயே வழக்கு நம்பரோடு நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். வாய்தா அதற்கு முன்னாலேயே, 18-ஆம் தேதி வருகிறது.