சார்ஜரின் பின் (pin) உட்கார்ந்தால் போதுமா?

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும். அடுத்தது விலை. சார்ஜரைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின் ஸ்கூட்டர் செய்து நாடு முழுக்க அனுப்புகிற கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இந்த லட்சணம்.

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தர் பழைய சார்ஜர் போய்விட்டதென்று கடையில் வேறு வாங்கி வந்திருந்தார். பேட்டரியில் 36 வோல்ட் என்று ஒட்டியிருக்கிறது, சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 54.6 வோல்ட். "அண்ணா, பின் கரெக்டா உட்காருதே, அப்புறம் என்ன?" என்கிறார். கடைக்காரரும் அதையேதான் சொல்லி விற்றிருக்கிறார்.

பின் உட்காரும்தான். 36 வோல்ட்டுக்கும் 48 வோல்ட்டுக்கும் ஒரே மாதிரி பின் வருவது சகஜம். 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரியில் பத்து செல் வரிசையாக இருக்கும், ஒரு செல்லுக்கு 4.2 வீதம் 42 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். 54.6 என்பது பதின்மூன்று செல் கொண்ட 48 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு. அதை இதில் செருகினால், அளவு மீறி சார்ஜ் ஏறாமல் நடுவில் காவலுக்கு இருப்பது பேட்டரிக்கு உள்ளே இருக்கிற பிஎம்எஸ் போர்டு, அதாவது எல்லை தாண்டினால் துண்டிக்கிற சர்க்யூட், மட்டும்தான், மலிவு பேட்டரியில் அந்த போர்டு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்குப் போடுவதும் இதே கதைதான்.

250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ளே இருந்தால் சட்டப்படி எலக்ட்ரிக் சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை, லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். நல்ல வசதி. ஆனால் 2022-ல் ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்த பிறகு இறுக்கிய பேட்டரி சோதனை விதிகள் மோட்டார் வாகனங்களுக்குத்தான். சைக்கிளுக்கு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் புகையில் இறந்தார்கள். அதற்குப் பிறகும் நம் வீடுகளில் வண்டியை வாசற்படிக்குள் ஏற்றி, வெளியே போக இருக்கிற ஒரே வழியை அடைத்து, சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறோம். திருட்டு பயம் புரிகிறது. பேட்டரி கழற்றக்கூடியதுதானே, கழற்றி வாசலையும் மெத்தையையும் விட்டுத் தள்ளி, சிமெண்ட் தரையில் வைத்து, விழித்திருக்கும்போதே போடுங்கள். பத்து ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இரண்டு ஆம்பியர் சார்ஜரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், சாயங்காலம் போட்டால் படுப்பதற்குள் முடிந்துவிடும். சித்திரை வெயிலில் ஓட்டி வந்த கையோடு, தகரக் கூரைக்கடியில் போடவே கூடாது. பெரும்பாலான செல்களுக்கு சார்ஜ் ஏற 45 டிகிரிதான் எல்லை, அந்த நேரத்தில் கூரைக்கடியில் நமக்கே நிற்க முடியாது.

பேட்டரியைச் சைக்கிளில் மாட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். கேரியரில் பழைய டியூபைக் கிழித்துக் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். இரண்டு மூன்று கிலோ பேட்டரி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் குதிக்கிறது, ஒயர் கேரியர் கம்பியில் உரசி உரசித் தோல் உரிகிறது, கடைசியில் ஷார்ட். பிரேமில் போல்ட் போட்டு இறுக்கிய தட்டில்தான் அது உட்கார வேண்டும். பேட்டரி ஓரத்திலேயே ஒரு ஃபியூஸ், ஒயர் பிரேமைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வாஷர். உப்பினதையும் கீழே விழுந்து நசுங்கினதையும் சார்ஜில் போடவே வேண்டாம்.

தம்பி சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனார், பில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். 42 வோல்ட் சார்ஜர், லேபிளும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கிற மாதிரி, கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.