கட்டைவிரல் குறிக்குச் சொல் வராது

தினமும் காலையில் ஒன்பதாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் படத்தோடு போட்டு வந்தேன். தமிழில் பொருள், கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் குறிகள் வந்து குவியும். ஒரு மாதம் கழித்து வகுப்பில் அந்தச் சொற்களைக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் பதில்.

தவறு என்னுடையதுதான். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்களில் மயங்கியிருந்தேன். "வெரி டயர்ட்" என்று சொல்லாதீர்கள், "எக்ஸாஸ்டட்" என்று சொல்லுங்கள் என்கிற வகை. "டயர்ட்" என்பதையே வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற பிள்ளைக்கு அது எதற்கு? சோறே வேகவில்லை, பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களே இருக்கின்றன. கெட், டேக், கீப் போன்றவை. அவை கைவந்தாலே அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி ஓடிவிடும்.

இப்போது சொல் போடுவதில்லை, கேள்வி போடுகிறேன். "இன்று பள்ளிக்கு எப்படி வந்தாய்? 'மிஸ்' (தவறவிடு) என்ற சொல் வரவேண்டும். குரல் பதிவாக அனுப்பு." எழுதச் சொன்னால் கூகுள் எழுதிக் கொடுத்துவிடும், குரல் என்றால் பிள்ளைதான் வாய் திறக்க வேண்டும். அதே சொல் மூன்றாம் நாள் வேறு கேள்வியில் வரும், பத்தாம் நாள் இன்னொன்றில். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மனதில் நிற்கும் என்று, மறதியைத் தன்னை வைத்தே சோதித்து ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-இல் எழுதிய சங்கதியின் வழிவந்ததுதான் இது. என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

ஒரு பையன் "ஸ்ட்ராங் ரெயின்" என்று அனுப்பினான். பலத்த மழை என்றால் அப்படித்தானே வரும்! டீ ஸ்ட்ராங், மழை ஹெவி என்று நானும் குரலிலேயே திருத்தி அனுப்பினேன். அகராதியில் பொருள் தெரிந்தாலும் எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது இப்படித் தப்பாகப் பேசினால்தான் பிடிபடுகிறது.

குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிவது சில பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. நியாயம்தான். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறிவிட்டேன். பதில் எனக்கு மட்டுமே வருவதால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயமும் குறைந்தது. பலருக்கு அப்பா வேலை முடிந்து வந்த பிறகே போன் கைக்குக் கிடைக்கும். ஆகவே இரவு ஒன்பதரை வரை காத்திருக்கிறேன்.

நேற்று ஒரு மாணவி, "ஐ மிஸ்ட் த பஸ்" என்று தெளிவாக அனுப்பியிருந்தாள். பின்னால் அவள் அப்பாவின் குரல்: "ஏம்மா, காலையில் நான்தானே சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்?"