சிகரெட் கம்பெனி நாற்காலிக்கு எதற்கு வாழ்த்து?

இரண்டு நாளாக அந்த வாழ்த்துப் பதிவுக்குக் கீழே என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், பெயரெல்லாம் மறுபடி இழுக்கவில்லை. ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் சிகரெட் கம்பெனியின் இயக்குநர் குழுவில் சேர்ந்திருக்கிறார். மாலை போட்ட பழைய படம், "நம்மவருக்குக் கிடைத்த பெருமை" என்று ஒரு வரி, கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல். "இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். பொறாமைக்காரன் ஆனேன், வயிற்றெரிச்சல் பிடித்தவன் ஆனேன். கடைசியில் ஒருவர், "உங்க அம்மா பீடி சுத்தினவங்கதானே?" என்றார்.

அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. மக்கள் கொடுத்த பதவியில் இருந்து சம்பாதித்த செல்வாக்கும் தொடர்புகளும் சிகரெட் விற்கிற கம்பெனிக்குப் போய்ச் சேரக் கூடாது என்கிறேன். அந்த நாற்காலிக்கு அவரைக் கூப்பிட்டது புகையிலை பற்றி அவருக்குத் தெரியும் என்பதற்காகவா? டெல்லியில் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் இவர் போன் செய்தால் எடுப்பார்கள். இதைச் சொல்ல ஆதாரம் வேண்டுமா?

இது ஒருவரோடு நிற்கிற கதையும் இல்லை. சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோவாகத் தொடங்கியது. அமைச்சரவைச் செயலாளராக இருந்த அஜித் சேத், வெளியுறவுச் செயலாளராக இருந்த நிருபமா ராவ், அமெரிக்காவில் நம் தூதராக இருந்த மீரா சங்கர், எல்லோரும் ஓய்வுக்குப் பிறகு அதன் இயக்குநர் குழுவில் இருந்தவர்கள். எல்லாம் முறைப்படி, பங்குதாரர் ஒப்புதலோடு நடந்தது. நாட்டின் மிக உயர்ந்த அதிகாரி நாற்காலியில் இருந்து எழுந்தவர் போய் உட்காரும் இடம் சிகரெட் கம்பெனியாக இருப்பது நமக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். ஒய்.சி. தேவேஷ்வர் 1968இல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர். 1991 முதல் 1994 வரை அரசின் ஏர் இந்தியாவுக்குத் தலைவர். திரும்பி வந்து 1996இல் ஐ.டி.சி.க்கே தலைவர். ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழுவில் இருந்தார், தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான சி.ஐ.ஐ.க்குத் தலைவராக இருந்தார், 2011இல் பத்மபூஷண். திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விவசாயிகளுக்காக அவர் கொண்டுவந்த இ-சௌபால் என்ற கிராமத்து இணைய மையங்கள் பற்றி நானே இங்கே நல்லபடியாக எழுதியிருக்கிறேன். ஆனால் சிகரெட் கம்பெனித் தலைவர் ஒருவர் நாட்டின் பணக்கொள்கை பேசும் மேஜையில் உட்காரும்போது, சிகரெட் வரி பற்றி முடிவெடுக்கும் அதிகாரி அவரை எதிராளியாகவா பார்ப்பார்? கூட உட்கார்ந்து டீ குடித்தவராகத்தான் பார்ப்பார்.

இதெல்லாம் கூடப் போகட்டும். எனக்கு வலிக்கிற இடம் எல்.ஐ.சி.

என் அப்பாவுக்கு பாலிசி போட வந்த அண்ணாச்சி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவம் எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. அம்மா பக்கத்தில் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரச் சாக்கில் சுருட்டி வைத்த இலை, கத்தரி, தூள். விரல் நுனியெல்லாம் பழுப்பு. "புகைபிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று அண்ணாச்சி படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். "உண்டுன்னே எழுதுங்க அண்ணாச்சி, இல்லேன்னா பொறவு அவ்வோ காசு தரமாட்டாவோ" என்றாள் அம்மா. பிரீமியம் கட்டியதெல்லாம் பீடிக்கடையில் வாங்கிய கூலியில். அப்பா நெஞ்சில் கட்டி வந்து இறந்துபோனபோது அந்தப் பணம் ஒரு பைசா குறையாமல் வந்தது. அதில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எல்.ஐ.சி.யைப் பற்றி யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிற ஆள் நான்.

அந்த எல்.ஐ.சி.தான் ஐ.டி.சி.யில் சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. அரசு ஆதரவில் நடந்த பரஸ்பர நிதி நிறுவனமான யூ.டி.ஐ. சிக்கலில் மாட்டிய பிறகு அரசு கைக்கு வந்த பங்குகள் சுமார் 8 சதவீதம். மற்ற அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட கால் பங்கு. எல்.ஐ.சி.யின் ஆள் இயக்குநராகவும் உட்கார்கிறார். இன்று அதே எல்.ஐ.சி.யில் டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தருகிற பாலிசி, கேட்டுப் பாருங்கள். புகைபிடிப்பவருக்கு ஒரு பிரீமியம், பிடிக்காதவருக்குக் குறைந்த பிரீமியம். புகைபிடிப்பவன் சீக்கிரம் போய்விடுவான் என்று கணக்குப் போட்டுக் கூடுதலாக வாங்குகிற கைதான் சிகரெட் லாபத்தின் டிவிடெண்டையும் வாங்குகிறது. 2017இல் இதை எதிர்த்து மும்பை உயர்நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் சுமித்ரா பெட்னேகர். அவர் கணவர் சதீஷ் பெட்னேகர் மகாராஷ்டிரத்தில் அமைச்சராக இருந்தவர், வாய்ப்புற்றுநோயில் இறந்தார். அந்த அம்மாளையும் பொறாமைக்காரி என்பீர்களா?

"ஐ.டி.சி. இப்போ ஆட்டா, பிஸ்கட் கம்பெனி சார்" என்றார் ஒரு தம்பி. லாபத்தில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறது என்று ஆண்டறிக்கையைத் திறந்து பார், தம்பி. இன்னமும் சிகரெட்தான்.

"வரி வருகிறதே?" வருகிறது. புகையிலை நோய்களால் 2017-18இல் மட்டும் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 1.77 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வருகிற வரி அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

"வெளிநாட்டில் இல்லாததா?" இருக்கிறது. பிரிட்டனில் நிதியமைச்சராக இருந்த கென்னத் கிளார்க் பதவி போன பிறகு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் துணைத் தலைவர் ஆனார். எம்.பி.யாக இருந்துகொண்டே. அந்த வேலையில் இருந்தபடியே கட்சித் தலைமைக்கும் போட்டியிட்டார், பிற்பாடு மறுபடியும் அமைச்சரானார். அந்தக் கம்பெனிதான் ஐ.டி.சி.யின் பெரிய பங்குதாரர். அங்கேயும் அது அசிங்கம்தான். அங்கே நடந்ததால் இங்கே நியாயமாகிவிடுமா?

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் புகையிலைத் தொழிலுக்கும் உள்ள இந்த உறவால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்டவர்களுக்கு 2015ஐ நினைவுபடுத்துகிறேன். சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத அளவுக்கு எச்சரிக்கைப் படம் அந்த ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றக் குழு ஒன்று அதைப் பரிசீலித்தது. புகையிலையால் புற்றுநோய் வரும் என்று இந்தியாவில் ஆய்வே இல்லை என்றார் அதன் தலைவர் திலீப் காந்தி. குழுவில் ஒரு உறுப்பினர் ஷியாமா சரண் குப்தா, அப்போதைய அலகாபாத் எம்.பி., சொந்தமாகப் பீடித் தொழில் நடத்தியவர். விதி ஒரு வருஷம் தள்ளிப்போய் 2016 ஏப்ரலில்தான் வந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் சாகிற நாட்டில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமா?

இனி என் அம்மா.

ஆமாம், சுற்றினாள். நெல்லைச் சீமையில் முக்கூடல் பக்கம் போய்ப் பாருங்கள், ஆலங்குளம் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனை அம்மாக்கள் என்று தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, அதிலும் சரியில்லை என்று கடையில் கழித்துப் போட்டது போக மிச்சம்தான். தூள் ஏறி இருமி இருமியே முதுகு வளைந்தது. வேறு வேலை கிடைத்திருந்தால் முறத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கச் சம்பளம், பிறகு பென்ஷன், வீடு, மரியாதை எல்லாம் இருந்தும் சிகரெட் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவரோடு அவளை ஒரே தட்டில் வைக்கிறீர்களே, எப்படி மனசு வந்தது? அவளைக் கூப்பிட்டு யாரும் மாலை போடவில்லை. பீடித் தொழிலாளி அடையாள அட்டைக்கே அலைய விட்டார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது இதுதான். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தியா 2004இலேயே சேர்ந்துவிட்டது. கொள்கை வகுப்பதில் புகையிலைக் கம்பெனிகளின் கை நுழையாமல் அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 5.3ஆம் பிரிவு. அதன்படி 2020இல் சுகாதார அமைச்சகம் நடத்தை விதி போட்டது. அதன் அதிகாரி புகையிலைக் கம்பெனியிடம் பரிசோ சலுகையோ வாங்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது அந்த ஒரு அமைச்சகத்துக்கு மட்டும். அதே டெல்லியில் நிதி அமைச்சகத்தின் கீழே இருக்கும் எல்.ஐ.சி. பங்கும் வைத்துக்கொள்ளலாம், ஆளும் அனுப்பலாம். உயர் அதிகாரி ஓய்வுபெற்று ஒரு வருஷம் கழித்தால் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

எல்லா அமைச்சகத்துக்கும் அந்த விதி வேண்டும், ஓய்வுபெற்றவர்களுக்கும் வேண்டும், எல்.ஐ.சி. அந்தப் பங்குகளை விற்று வெளியே வர வேண்டும். பாலிசிதாரன் என்ற முறையில் நிதி அமைச்சகத்துக்கும் எல்.ஐ.சி. தலைமையகத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு எல்.ஐ.சி. பாலிசியாவது இருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், பாலிசி எண்ணோடு சேர்ந்தே கையெழுத்துப் போடுவோம்.