20 நிமிஷத்துக்கு இரட்டிப்பு

(இடம்: பாம்பன் கரை. சூரை மீன் மணலில், வியாபாரி டீக்கடையில். மீன் கெடாமல் காப்பது பற்றிய விழிப்புணர்வு நோட்டீஸோடு ஒரு தம்பி, மீன்கார அக்காவிடம் வருகிறான்.)

தம்பி: கவனமாகக் கேளுங்கள் அக்கா. ஒன்று 20 நிமிஷத்தில் இரண்டாகும். அடுத்த 20 நிமிஷத்தில் நாலு. எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும்!

அக்கா: இப்படிச் சொன்ன பைனான்ஸ்காரன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டான். உன் ஆபீஸ் எங்கே?

தம்பி: பணமில்லை அக்கா, பாக்டீரியா! தீனி, சூடு, ஈரம் எல்லாம் தோதாக இருந்தால்தான் சில வகை இந்த வேகத்தில் பெருகும்.

அக்கா: அவனும் கண்டிஷனைக் கடைசியில்தான் சொன்னான்.

தம்பி: தடையே இல்லாமல் இரண்டு நாள் பெருகினால் பூமியைவிட எடை கூடிவிடும்.

அக்கா: பாம்பன் பாலம் தாங்குமா?

தம்பி: அவ்வளவு தூரம் போகாது. தீனி தீர்ந்துபோகும். அது வெளியே தள்ளும் கழிவே அதற்கு விஷமாகும். எண்ணிக்கை ஏறாமல் நின்று, அப்புறம் சாக ஆரம்பிக்கும்.

அக்கா: தீனி தீர்ந்தால் நின்றுவிடுமா? நல்ல ஜீவன்! 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு நிற்கிறது. முன்பணத்துக்கு வட்டி நிற்கிறதா?

தம்பி: அது வேறு கணக்கு அக்கா. ஐஸ் போடுங்கள்.

அக்கா: போட்டால் செத்துவிடுமா?

தம்பி: பெரும்பாலும் சாகாது. பெருகும் வேகம்தான் குறையும்.

அக்கா: உப்பு?

தம்பி: உப்பு ஈரத்தை இழுத்துவிடும். ஈரமில்லாமல் பெருக முடியாது.

அக்கா: என் மாமியார் நோட்டீஸ் அடிக்காமலே கருவாடு போட்டாள்.

(தம்பி ஒரு சூரையின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறான். சிவப்பு பழுப்பாகிக்கொண்டிருக்கிறது. நோட்டீஸில் உள்ள படத்தில் மட்டும் நல்ல சிவப்பு.)

தம்பி: இதில் பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமைன் என்ற நச்சு சேர்ந்துவிட்டால் குழம்பில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் போகாது. ஏன் வெயிலில் போட்டிருக்கிறீர்கள்?

அக்கா: முன்பணம் கொடுத்தவர் வந்து விலை சொல்லாமல் கூடையைத் தொடக்கூடாது. அவர் டீ குடிக்கிறார்.

தம்பி: எவ்வளவு நேரமாக?

அக்கா: உன் கணக்கில் மூன்று இரட்டிப்பு. ஒன்று எட்டாகிவிட்டது. வந்து, மீன் தளர்ந்துவிட்டது என்று விலையைக் குறைப்பார். ஐஸ் வண்டியும் அவருடையதுதான். நீ வகுப்பு எடுப்பது எனக்கு! போ, அந்த டீக்கடைப் பெஞ்சில் எடு.

தம்பி: அவர்தான் அக்கா இன்றைய விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமை.

அக்கா: சரி. பந்தலில் நிழல் இருக்கும்தானே? இந்தச் சூரையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.