'வர வர'வும் 'வந்தால்'உம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். ஹர்நந்தராய் பூல்சந்த் வழக்கை "வெள்ளைக்கார நீதிபதி நம் வியாபாரியை நசுக்கிய கதை" என்று பேச்சாளர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. எழுந்து மறுத்த என்னை, வெள்ளையனுக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்றார்கள். காணொலியில் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொன்னவர் என் பழைய நண்பர் என்பதால் அது இன்னும் ஆறவில்லை.

அந்த வழக்கில் நசுங்கியவரும் இந்தியர், வென்ற பிராக்தாஸ் புத்சேன் தரப்பும் இந்தியர். ஆலையில் நெய்யவிருந்த வேட்டிகளை விற்பதாக ஒப்பந்தம். ஆலையிலிருந்து சரக்கு வர வர வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் வாசகம். ஆலை அரசாங்க ஆர்டர்களில் மூழ்கிவிட்டது, வேட்டிகள் உரிய காலத்தில் வரவில்லை. வாங்கியவர் நட்டஈடு கேட்டார். ஆலையே தராதபோது ஒப்பந்தம் எப்படி நிற்கும் என்று நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்னும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைக் காட்டியது விற்ற ஹர்நந்தராய் தரப்பு. பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் கடந்து அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன வழக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. அந்த வாசகம் சரக்கை எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, வந்தால்தான் கொடுப்பேன் என்ற நிபந்தனையை அல்ல என்று லார்ட் சம்னர் தீர்ப்பெழுதினார்.

'வர வரத் தருகிறேன்' என்பதற்கும் 'வந்தால் தருகிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழனுக்கு விளக்க லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. முதலாவது வாக்கு, இரண்டாவதில் வாக்கே இல்லை.

சட்டமே அவன் சட்டம்தானே என்பார்கள். சரி, சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள கங்கா சரண் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அதுவும் ஆலைத் துணி ஒப்பந்தம்தான், ஆலை கொடுத்ததும் தருகிறோம் என்ற அதே வகை வாசகம்தான். நீதிபதி ஃபசல் அலி எழுதிய அந்தத் தீர்ப்பிலும் விற்றவர்தான் தோற்றார். இதற்கு மேடையில் பதில் வரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளரை வதைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். வதைத்தது. 1793-ஆம் ஆண்டின் வங்காள 31-ஆம் ஒழுங்குவிதி, முன்பணம் வாங்கிய நெசவாளரைக் கம்பெனிக்கே கட்டிப்போட்டது. அதை நான் எங்கும் நியாயப்படுத்தியதில்லை. கைநீட்டி முன்பணம் வாங்கிய தறிக்காரரையும், விலை ஏறினால் லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்ட மொத்த வியாபாரியையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

இதில் எனக்கென்ன இத்தனை வேகம் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்தவர். ஒரு பொங்கலுக்கு முன் வேட்டி ஆர்டர் எடுத்து, கார்பன் வைத்த புத்தகத்தில் "நூல் வர வர அனுப்பப்படும்" என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். நூல் தருவதாகச் சொன்ன மில் விலை ஏறியதும் கையை விரித்துவிட்டது. வாங்கியவர்கள் வழக்குப் போடும் ஆட்கள் அல்லர்; ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அப்பா சந்தையில் கூடுதல் விலைக்கு நூல் எடுத்துத் தறிக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத் துணி இல்லை.

அவரை யாரும் நசுக்கவில்லை, நண்பரே. அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'வர வர' என்ற இடத்தில் பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்திருக்கிறது.