பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும்

அடுத்த மாதம் ஐரோப்பா போகிற நண்பர் தன் பயணத் திட்டத்தை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். பத்து நாளில் ஏழு ஊர். எல்லா ஊரிலும் பெரிய தேவாலயம், பெரிய அரண்மனை, பெரிய சதுக்கம். எங்கேயும் கால் நீட்டி உட்கார ஒரு மணி நேரம் இல்லை. முதல் தடவை நாங்களும் இப்படித்தான் ஓடினோம். அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்: ஊருக்கு ஒரு அரண்மனையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கு ஒரு சின்னச் சதுக்கத்தில் போய் உட்காருங்கள்.

பார்சிலோனாவில் கதீட்ரலிலிருந்து சில நிமிட நடையில் சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கம். குறுகலான சந்துக்குள் நுழைந்து, வழி தவறிவிட்டோமோ என்று நினைக்கும்போது சட்டென்று வெளிச்சமாகத் திறக்கும். நடுவில் எண்கோணத் தொட்டி, அதில் நீர் விழுகிற சத்தம். ஒரு பக்கம் தேவாலயம். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். நாங்கள் போன நேரம் இடைவேளை. பிள்ளைகள் சதுக்கம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்து தொட்டிக்குள் விழுந்தது, ஒரு பையன் வயிறு விளிம்பில் அழுந்தக் குனிந்து அதை எடுத்தான், சட்டைக் கை முழுக்க ஈரம்.

அப்புறம்தான் தேவாலயச் சுவரைப் பார்த்தேன். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. ஒரு குழியில் விரலை வைத்தேன், பாதி விரல் உள்ளே போனது. 1938 ஜனவரி 30, ஸ்பெயின் உள்நாட்டுப் போர். அரசுக்கு எதிராகக் கிளம்பிய ராணுவத் தளபதி பிராங்கோவுக்கு ஆதரவாக வந்த இத்தாலிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. தேவாலயத்தின் கீழறையில் ஒளிந்திருந்தவர்களும் அக்கம்பக்கத்தவர்களுமாக 42 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் குழந்தைகள். பிராங்கோ ஆட்சிக் காலத்தில், இந்தக் குழிகள் பாதிரியார்களைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கித் தடங்கள் என்று கதை கட்டிவிட்டார்கள். இன்று நடந்ததைச் சொல்லும் நினைவுப் பலகை அந்தச் சுவரிலேயே இருக்கிறது. சுவரைப் பூசி மறைக்காமல் விட்டார்களே, அதற்காகவே அந்த ஊர்மேல் எனக்கு மரியாதை.

கட்டடக் கலைஞர் கௌடி 1926 ஜூன் 7 அன்று டிராம் மோதி விழுந்தது, இந்தத் தேவாலயத்துக்குப் பிரார்த்தனைக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோதுதான். மூன்று நாளில் இறந்துவிட்டார். அவர் கட்டிய சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் முன்னால் எப்போதும் கூட்டம். அவர் தினம் நடந்து வந்த இந்த இடத்தில் அன்று பிள்ளைகளைத் தவிர எங்களோடு சேர்த்து ஆறேழு பேர்தான்.

வெனிஸுக்கு வருகிறேன். அங்கே பியாட்சா, அதாவது சதுக்கம், என்ற பெயர் சான் மார்க்கோ என்ற பெரிய சதுக்கத்துக்கு மட்டும்தான். மற்றச் சதுக்கங்களுக்கெல்லாம் 'காம்போ' என்று பெயர். வயல் என்று அர்த்தம், ஒரு காலத்தில் புல் முளைத்துக் கிடந்த நிலம். காம்போவின் நடுவில் கல்லில் செதுக்கிய கிணற்று வாய் இருக்கும். அதைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கீழே தரையைப் பாருங்கள். கல் தளத்தில் ஓட்டைகள் தெரியும். சுற்றிலும் உப்பு நீர் இருக்கிற ஊர், குடிக்க மழைத் தண்ணீர்தான். அந்த ஓட்டைகள் வழியாக மழைநீர் இறங்கும். கீழே களிமண் பூசிய பெரிய குழி நிறைய மணல். மணலில் வடிந்து, நடுவில் உள்ள கிணற்றில் ஊறும். அதாவது சதுக்கமே தண்ணீர்த் தொட்டி! 1884இல் கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் குடித்தது இப்படித்தான். சான் ஜியாகோமோ தெல்லோரியோ என்ற காம்போவுக்குச் சாயங்காலம் போங்கள். மர நிழலில் சிவப்புப் பெஞ்சுகள், பாட்டிமார் பேச்சு. காசு கொடுக்காமல் உட்காரலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஊர்களில் இந்தச் சின்ன இடங்களை உணவக மேசைகள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், மரத்தடியில் கல் திண்ணையில் உட்கார்ந்த என் மனைவியிடம், ஏதாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்றார் பரிமாறுகிறவர். அது பொது இடம். ஊர்க்காரப் பெரியவரும் பிள்ளையும் உட்கார முடியாத சதுக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது சாப்பாட்டுக் கடையின் வெளிப்புறம்தான்.

ரோமில் நேரம் கிடைத்தால் பியாட்சா மத்தேயி. பழைய யூதக் குடியிருப்பின் ஓரத்தில் இருக்கும் ஆமை நீரூற்று. 1580களில் செய்தபோது நான்கு இளைஞர் சிலைகளின் தூக்கிய கைகளுக்கு மேலே டால்பின்கள் இருக்க வேண்டும் என்பது திட்டம். தண்ணீர் அழுத்தம் போதவில்லை, எடுத்துவிட்டார்கள். கைகள் சும்மா மேலே நின்றன. எழுபது வருஷத்துக்கு மேல் கழித்துப் பழுது பார்க்கும்போது ஆமைகளை வைத்தார்கள், சிற்பி பெர்னினி செய்தவை என்பார்கள். 1979இல் ஒன்று திருடு போனது. இப்போது நீங்கள் பார்ப்பவை நகல்கள். ஆனாலும் மேல் தொட்டித் தண்ணீர் குடிக்க ஆமை எட்டிப் போவதும், அதை விரல் நுனியால் இளைஞன் மேலே தள்ளிவிடுவதும் அப்படியே இருக்கிறது.

நண்பர் திட்டத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். பார்சிலோனாவில் ஒரு காலை நேரத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பள்ளி நடக்கிற நாளாகப் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.