காசு இல்லை எண்டு சொன்னவைக்கு

2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, ஆயுதச் செலவுக்குக் கடன் எல்லையைத் தளர்த்திறதுக்கு பேர்லின்ல ஜேர்மன் பாராளுமன்றம் எடுத்த வாக்கெடுப்பு முடிஞ்ச உடன நான் போட்ட ரெண்டு வரிக்குக் கீழ அந்த அண்ணை எழுதினதை எல்லாரும் பாத்திருப்பியள். "பொருளாதாரம் விளங்காமல் உணர்ச்சிவசப்படாதேங்கோ தங்கச்சி, இந்த நாட்டுக்கு நன்றியா இருங்கோ" எண்டு. ரெண்டு நாளா அது மனசுக்குள்ள கிடந்து அறுக்குது.

நான் சொன்னது ஒண்டே ஒண்டுதான். காசு இல்லை எண்டு இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொன்னது உண்மையில்லை.

2009இல ஜேர்மன் அரசியலமைப்பிலயே எழுதி வைச்ச கடன் பிறேக், அதாவது அரசு எடுக்கிற கடனுக்கு ஒரு எல்லை. சாதாரண காலத்தில மத்திய அரசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.35 வீதத்துக்கு மேல புதுக்கடன் எடுக்கேலாது. மாநிலங்களுக்கு 2020இல இருந்து அதுவும் இல்லாமல் இருந்தது. இந்தச் சண்டையிலதான் 2024 நவம்பர் அப்ப சான்சலரா இருந்த ஷோல்ஸ் தன்ர நிதியமைச்சர் லிண்ட்னரை வீட்டுக்கு அனுப்பி, ஆட்சியே கவிண்டது. 2025 பெப்ரவரி தேர்தல் முடிஞ்ச கையோட, அதில வெண்ட கட்சியின்ர தலைவர் மேர்ட்ஸ், இப்போதைக்கு அதில கை வைக்கிற கதையே இல்லை எண்டார். ஒரு கிழமையில கை வைச்சார். புதுப் பாராளுமன்றம் கூடினால் அரசியலமைப்பை மாத்தத் தேவையான மூண்டில ரெண்டு பங்கு வாக்கு கிடைக்கிறது கஷ்டம் எண்டு, பழைய உறுப்பினர்களைக் கூப்பிட்டு நிறைவேத்தியாச்சு. இனிப் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 1 வீதத்தைத் தாண்டினால், தாண்டின காசுக்கு அந்தப் பிறேக் இல்லை. எல்லையே இல்லை.

என்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில ரெண்டாம் மாடி ரொயிலெட் பூட்டி நாலு வருசம். கதவில ஒட்டின கடுதாசி வெயில்ல மங்கிப் போச்சு. கீழ இருக்கிறதில தாழ்ப்பாள் இல்லை, ஒரு சிநேகிதி வெளியில நிண்டு கதவைப் பிடிக்க வேணும். அதால பிள்ளை அங்க தண்ணியே குடிக்கிறேல்லை. காலமை நான் நிரப்பிக் குடுக்கிற போத்தல் பின்னேரம் அப்பிடியே திரும்பி வரும். ரெண்டு தரம் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எடுத்தாச்சு. பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வைச்சுக் குடுத்த கடிதத்துக்கு வந்த பதில்: நிதி நிலைமை இடம் குடுக்கேல்லை.

பள்ளிக்கூடம் நகரசபையின்ர பொறுப்பு, மத்திய அரசை ஏன் இழுக்கிறாய் எண்டு கேப்பியள். தெரியும் அண்ணை. நகரசபை மாநிலத்தைக் காட்டுது, மாநிலம் பேர்லினைக் காட்டுது, பேர்லின் சட்டத்தைக் காட்டுது. நான் பிள்ளைக்கு ஆரைக் காட்டுறது?

கட்டுமானத்துக்கும் 500 பில்லியன் யூரோ ஒதுக்கியிருக்கினமே எண்டும் கேப்பியள். சந்தோசம், அதைக் குறை சொல்லேல்லை. ஆனால் அதுக்குத் தொகையும் இருக்கு, 12 வருசம் எண்ட கெடுவும் இருக்கு. ஆயுதத்துக்கு ரெண்டும் இல்லை. 2024 செப்டெம்பர் திறெஸ்டன் நகரத்தில கரோலா பாலத்தின்ர ஒரு பகுதி எல்பே ஆத்துக்குள்ள விழுந்தது. அப்பவும் இந்தச் சட்டம் அசையேல்லையே? காசு இருந்தது. எங்களுக்கு எண்டுதான் இருக்கேல்லை.

புட்டின் வந்தால் என்ன செய்வாய் எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, யுத்தம் நான் டிவியில பாத்துப் படிச்சதில்லை. பங்கருக்குள்ள தங்கச்சியின்ர வாயைப் பொத்திக் கொண்டு இருந்தனான். என்னோட வேலை செய்யிற பிள்ளை கார்கிவ்ல இருந்து வந்தவள். உக்ரேனுக்குக் குடுக்கட்டும், ட்ரம்பை நம்பி ஐரோப்பா இருக்கேலாது, அதுவும் சரி. ஆயுதம் வாங்காதேங்கோ எண்டு நான் எங்கயும் எழுதேல்லை.

கடன் எடுத்தால் வட்டி எங்கட பிள்ளையளின்ர தலையில எண்டு இத்தனை வருசம் பாடம் எடுத்தவை இவைதானே. கிரேக்கத்துக்கும் அதே பாடம். 2015இல அங்க சனம் வங்கி மெசினுக்கு முன்னால நிண்டு ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டும் எடுத்தது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இப்ப அந்த வட்டி பிள்ளையளின்ர தலையில ஏறாதா?

நன்றி எண்டு எழுதினியள் பாருங்கோ, அதுதான் தாங்கேலாமல் இருக்கு. பதினெட்டு வருசமா முதியோர் இல்லத்தில இரவு வேலை. நாப்பது பேருக்கு ரெண்டு பேர். படுக்கைப்புண் வராமல் இந்த நாட்டின்ர தாய்மாரை ஒவ்வொருவரா பிரட்டிப் படுக்க வைச்சுப் போட்டு, விடிய வந்து மகளுக்குச் சாப்பாடு கட்டுறனான். இன்னும் ஒராளைப் போடுங்கோ எண்டு கேட்ட ஒவ்வொரு முறையும் காசு இல்லை எண்டுதான் சொன்னவை. நான் நம்பினனான் அண்ணை. உண்மையிலயே இல்லையாக்கும் எண்டு நம்பினனான்.

நாளைக்கு, மார்ச் 21, மாநிலங்களின்ர மேல்சபையில வாக்கெடுப்பு. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம். அந்தப் பதில் கடிதத்தின்ர பிரதி என்னட்ட இருக்கு, கொண்டு போறன்.